பெட்டியோடு எல்லை தாண்டியவர்

சிப்பிக்குறிச்சியில் நிலம் வளர ஆரம்பித்த விஷயம் ஒரு கிண்ணம் கத்திரிக்காய்க் குழம்பினால்தான் வெளியே வந்தது. ஊரின் மேற்கு வரிசையான மேலச்சாரி வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து தையல்நாயகி கையை நீட்டுவாள், எதிரே கீழச்சாரி வீட்டு ஜன்னலிலிருந்து அவளுடைய நாத்தனார் அம்மாக்கண்ணு கையை நீட்டுவாள், தலைச்சுமையோடு ஒரே ஒரு ஆள் போகிற அளவே இருந்த நடுச்சந்துக்கு மேலே கிண்ணம் கை மாறும்; கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாம்பாரும் ரசமும் பண்டிகைப் பாயசமும் ஊர் வம்பும் இப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தன, ஒரு சொட்டு சிந்தியதில்லை. தைப்பூசம் கழிந்த ஒரு மத்தியானம் இரண்டு பேரும் வழக்கம்போல நீட்டினார்கள், வழக்கம்போல விட்டார்கள், கிண்ணம் சந்தில் விழுந்து குழம்பு மண்ணோடு போனது.

“கைய இழுத்துக்கிட்டீங்களே அண்ணி,” என்றாள் தையல்நாயகி.

“நான் எங்க இழுத்தன்? வயசாச்சுல்ல நாயகி, கை குட்டையாப் போச்சுபோல,” என்று அம்மாக்கண்ணு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத் தையல்நாயகி நம்பவில்லை. அம்மாக்கண்ணு புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள், தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தம்பி பெண்டாட்டி வைக்கிற குழம்பு வேண்டாமென்றால் நேராகச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, எதற்கு இந்தச் சிரிப்பு என்று அன்று பொழுது முழுக்க அவளுக்கு வயிறு எரிந்தது. இதில் அவளை மட்டும் குறை சொல்ல முடியாது, அந்த ஊர் மண் அப்படி. அடுத்த வீட்டில் கிழமையில்லாத கிழமையில் மீன் வறுக்கிற வாசனை வந்தால் எங்கிருந்து வந்தது காசு என்று கேட்பார்கள், ஒருத்தன் வழக்கத்தை விடச் சீக்கிரம் எழுந்து வயலுக்குப் போனால் யார் வரப்பை வெட்டப் போகிறான் என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பார்கள், வணக்கம் சொன்னால் ஏன் சொன்னான் என்று வீட்டுக்குப் போய் யோசிப்பார்கள். அம்மாக்கண்ணு ஒருத்திக்குத்தான் அந்தக் குணம் ஒட்டவில்லை, அதனாலேயே ஊர் அவளைக் கொஞ்சம் விவரம் பத்தாதவள் என்று வைத்திருந்தது.

மாசி பிறப்பதற்குள் சந்தில் இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று ஆயிற்று, பங்குனியில் மாட்டு வண்டி நுழைந்தது, சித்திரையில் அதே வண்டி உள்ளேயே திரும்பியது. சந்து அகலமானால் அந்த அகலம் யாருடைய மனையிலிருந்தோதானே வந்திருக்க வேண்டும், ஆகவே எவனோ எல்லைக்கல்லைப் பிடுங்கி நகர்த்தி நட்டிருக்கிறான் என்று மேலச்சாரி கீழச்சாரியைச் சொன்னது, கீழச்சாரி மேலச்சாரியைச் சொன்னது, பொதுச்சுவர் வைத்திருந்த பங்காளிகள் ஒருவர் வீட்டுச் சாவுக்கு ஒருவர் போவதை நிறுத்தினார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து சர்வேயரைக் கூட்டிவந்தார்கள். அவர் வெயிலில் சங்கிலி பிடித்து அளந்து, யாருடைய மனையிலும் ஒரு சாண்கூடக் குறையவில்லை, நடுவில் மட்டும் கணக்கில் இல்லாத நிலம் கிடக்கிறது என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். குறைந்திருந்தால் அடித்துக்கொண்டாவது தீர்த்திருப்பார்கள். யாருக்கும் குறையவில்லை என்பதைத்தான் அவர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இந்த இடத்தில் தையல்நாயகியின் புருஷன் கொளஞ்சிநாதனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் கல் படித்தவர். சின்ன வயதில் சோளக்கொல்லையில் நத்தை மாதிரி சுருண்ட கல்லைப் பொறுக்கி வந்து, இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டு வாத்தியாரிடம் அடி வாங்கியவர், அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு மேல்படிப்பு படித்து, சர்க்கார் வேலையில் பூமியைத் துளைத்துப் பார்க்கிற பிரிவில் சேர்ந்து, வெந்நீர் ஊற்றுகளைப் பற்றிப் பயில ஐஸ்லாந்து என்கிற குளிர்ந்த தேசத்துக்கு அனுப்பப்பட்டு, ஒரு கனத்த கம்பளிச் சட்டையோடும் ஒரு ஆசையோடும் திரும்பி வந்தவர். அங்கே அவருக்குப் பாடம் சொன்ன மனிதர் காலையில் எரிமலைச் சாம்பலை ஆராய்ந்தார், மத்தியானம் புத்தகம் எழுதினார், சாயங்காலம் சட்டசபையில் போய் உட்கார்ந்து மீன்பிடிச் சட்டத்தைப் பற்றி வாதாடினார். பூமியைத் தெரிந்தவன் ஊரையும் நடத்தலாம் என்று கொளஞ்சிநாதன் அங்கேதான் முடிவு செய்துகொண்டார். திரும்பி வந்து வேலையை விட்டார், ‘காலடிக் கடல்’ என்று ஒரு புத்தகம் எழுதினார், நம் ஊர் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது என்று அதில் விளக்கியிருந்தார். ஊரில் அதைப் படித்தவர்கள் இரண்டு நாள் யோசித்து, இது கடல் என்று நிரூபித்துவிட்டால் நம் பட்டா செல்லாது என்று சொல்வதற்காகத்தான் எழுதியிருக்கிறான் என்று கண்டுபிடித்தார்கள்.

அவர் டீக்கடை வாசலில் நின்று சொன்னார். “யாரும் கல்ல நகத்தலிங்க. பூமிதான் வளருது. நான் போயிருந்த ஊர்ல வருஷத்துக்கு ஒரு வெரக்கட வளரும். நம்மூர்ல நாளுக்கு ஒரு வெரக்கடன்னு ஆரம்பிச்சது இப்ப நாளுக்கு ஒரு மொழம் வளருது. ஏன் இவ்வளவு வேகம்னு எனக்கே தெரியல.”

டீக்கடைக்காரர் சாமிதுரை கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார். “சரிங்க சார். அதுல உங்களுக்கு என்னா?”

“எனக்கு ஒண்ணுமில்ல.”

கடையில் இருந்த எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நிலம் மட்டும் யாருடைய பேச்சையும் கேட்காமல் வளர்ந்தது. புது மண் கறுப்பாக, கையில் எடுத்தால் பொலபொலவென்று, பிறந்த குழந்தையின் உடம்புச் சூட்டோடு இருந்தது. முதலில் ஆடுகள் போய்ப் படுத்தன, ஆட்டைப் பார்த்து முழங்கால் வலிக்காரர்கள் போய் உட்கார்ந்தார்கள், அப்புறம் பெண்கள் அங்கே வடகம் பிழிந்தார்கள், காலையில் பிழிந்தால் மத்தியானத்துக்குள் கலகலவென்று காய்ந்தது, சுற்றுப்பட்டு ஊர்களில் சிப்பிக்குறிச்சி வடகம் என்று பேர் வாங்கியது. பானையில் கடலையைப் போட்டுப் புதைத்தால் பொழுது சாய்வதற்குள் வெந்தது. குழந்தை பெற்றவளை அந்த மண்ணில் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். மேலச்சாரியில் சாவு விழுந்தால் கீழச்சாரிக்குப் பறைச் சத்தம் தாமதமாகக் கேட்க ஆரம்பித்தது, ஒரே தெருவில் பெண் கொடுத்தவர்கள் அசலூரில் கொடுத்துவிட்டதுபோல மகளை ஏக்கத்தோடு எட்டிப் பார்த்தார்கள், மாரியம்மன் தேர் முதல் தடவையாக ஊருக்குள் திரும்பி ஓடியது. அதிசயம் பழகிவிட்டது, சந்தேகம் மட்டும் பழகவில்லை. வடகம் காய வைத்தவளை, நாளைக்கு இது என் இடம் என்று சொல்லத்தான் பாய் விரிக்கிறாள் என்று அடுத்தவள் பார்த்தாள், அவளும் அதற்காகவே தன் பாயைப் பக்கத்தில் விரித்தாள்.

அந்த வருஷக் கடைசியில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது, கொளஞ்சிநாதன் தலைவர் பதவிக்கு நின்றார். நடு நிலம் யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது, நான் வந்தால் அதை அப்படியே வைத்திருப்பேன் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார், ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் கொடுத்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், அவர் வாசல் தாண்டியதும் கதவைச் சாத்திக்கொண்டு, இவ்வளவு பாடுபடுகிறானே, ஒன்றும் வேண்டாம் என்கிறானே, அப்படியானால் எவ்வளவு பெரியதாக எதையோ மறைக்கிறான் என்று நடுங்கினார்கள். தையல்நாயகி ஊர்க்காரியாகவே யோசிக்கத் தெரிந்தவள். சோறு போடும்போது சொன்னாள்.

“நீங்க எதாச்சும் கேளுங்க.”

“என்னத்தக் கேக்கறது?”

“எதயாச்சும். ஒண்ணும் வேணாம்னு சொல்ற ஆளக் கண்டா பயமாத்தான இருக்கும்? எனக்கே பயமா இருக்கு. இவனுக்கு இதுதான் வேணும்னு தெரிஞ்சிட்டா அப்புறம் நிம்மதியா ஓட்டுப் போடுவாங்க.”

அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டு, கொஞ்சம் திக்கித் திணறி, நடு நிலத்தில் வடக்கோரம் ஒரு துண்டு தனக்கு வேண்டும், மாடி வீடு கட்டிக்கொள்ள ஆசை என்று சொன்னார். கூட்டத்தில் பெரிய பெருமூச்சு எழுந்தது. அட, இவ்வளவுதானா, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று எல்லோருக்கும் அவர்மேல் பாசமே வந்துவிட்டது. எதிர்த்து நின்றவருக்கு டெபாசிட் போயிற்று. கொளஞ்சிநாதன் ‘சார்’ என்பதிலிருந்து ‘தலைவரே’ ஆனார்.

அம்மாக்கண்ணு மட்டும் ஜன்னலில் நின்று, இப்போது உரக்கக் கத்தினால்தான் கேட்கிற தூரத்திலிருந்து சிரித்தாள். “மாடி வூடாம் மாடி வூடு. ஓட்டு வீட்ட மாத்தவே மனசு வராதவன். ஏன்டா தம்பி பொய் சொன்ன?”

அவர் அக்காவுக்குப் பதில் சொல்லாமல் உள்ளே போனார். தையல்நாயகி அதைக் கவனித்தாள். அதற்கப்புறம் சாயங்கால வேளைகளில் அவர் நடு நிலத்தின் வடக்கோரத்தில் போய்க் கால் மாற்றிக் கால் வைத்து அளப்பதையும், குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பதையும், சில சமயம் மண்டியிட்டுக் காதை வைத்துப் படுப்பதையும் கவனித்தாள். யோசனை சொன்னதே அவள்தான். இருந்தாலும் பொய்யாகக் கேட்கப் போய் நிஜமாகவே ஆசை வந்துவிட்டதோ, மாடி வீட்டில் தனக்கு இடம் உண்டோ இல்லையோ, அக்காவும் தம்பியும் சேர்ந்து ஏதாவது பேசி வைத்திருக்கிறார்களோ என்று அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

அவர் அளந்தது வீட்டுக்காக இல்லை. அடுத்த பங்குனியில் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் வெதுவெதுப்பானது. முதலில் அதையும் ஊர் வரவு வைத்துக்கொண்டது, குளிக்க விறகு மிச்சம் என்றார்கள். அப்புறம் வாளியைத் தொட முடியவில்லை. இரண்டு சாரியிலும் வீட்டுச் சுவர்கள் அடியிலிருந்து மேலே விரிசல் விட்டன. கொளஞ்சிநாதன் ஊரைக் கூட்டிச் சொன்னார், முகத்தில் தூக்கமில்லை.

“கீழ வெறும் கூடா இருக்குங்க. நடு நெலம் ஒரு மூடி மாதிரி நிக்குது. அது உள்ள எறங்கும். எறங்கும்போது ரெண்டு சாரியும் கூடவே போகும். தேருக்கு முன்னாலயே நடக்கும்னு நெனைக்கிறன். எல்லாரும் எல்லயத் தாண்டி கெழக்க இருக்கற கரட்டு மேட்டுக்குப் போயிடுவோம். கொட்டகை போட்டுத் தரன்.”

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவருக்கு ஒரு வழி இருந்திருக்கும். சாமிதுரை எழுந்து சிரித்த முகமாக, அவரைத் தட்டிக்கொடுக்கிற மாதிரியே சொன்னார். “தலைவரே, ஒரு துண்டு கேட்டீங்க, குடுக்கறோம்னுட்டோம். இப்ப மொத்தமும் வேணும்னா அதயும் நேரா கேளுங்க, பேசிக்கலாம். ஊரக் காலி பண்ணச் சொல்றது கொஞ்சம் ஜாஸ்தி.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் திரும்பத் திரும்பச் சொன்னார், கிணற்றடியில் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் சொன்னார், தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சொன்னார், அங்கேயிருந்து விசாரிக்க வந்தவர் ஊரில் நாலு பேரைக் கேட்டுவிட்டு, நில விஷயத்தில் தலைவருக்குச் சொந்த லாபம் இருப்பதாகத் தெரிகிறது என்று சொல்லிப் போய்விட்டார். ஊர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைச் சிமிட்டியது. வீட்டில் தையல்நாயகி கேட்டாள். “நெசமாத்தான் சொல்றீங்களா?” அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “நீயுமா?” என்று மட்டும் கேட்டார். அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் பதில் வரவில்லையே என்பதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

சித்திரையில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் தேர் ஓடி முடிகிற வரைக்கும் சிப்பிக்குறிச்சிக்காரன் வேலை வெட்டிக்கு வெளியே போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும், பெட்டி படுக்கையோடு எல்லை தாண்டவே கூடாது; தாண்டினால் அம்மன் குற்றம், குலத்துக்கே ஆகாது, பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள். அம்மை வந்த வருஷத்தில்கூட ஊர் அதை மீறியதில்லை. மஞ்சள் துணி கட்டிய கம்பத்தைப் பார்த்தபடி கொளஞ்சிநாதன் நின்ற நிலையைத் தையல்நாயகி பார்த்தாள். இனி யாரையும் வெளியே கொண்டுபோக முடியாது என்று அவர் முகம் சொன்னது. அடுத்த இரண்டு நாள் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, எச்சரிக்கவில்லை, சாப்பிட்டார், தூங்கினார், அக்காவோடு ஒரு தடவை உட்கார்ந்து பழைய கதை பேசிச் சிரித்தார். அந்த அமைதிதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

தேருக்கு முந்தின நாள் உச்சி வெயிலில், ஊரே கூழ் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், கொளஞ்சிநாதன் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, கையில் பெரிய பெட்டியோடு, கக்கத்தில் படுக்கையோடு, பின்வாசல் வழியாக இறங்கி, நடு நிலத்தைக் கடந்து, வைக்கோல் போர் ஓரமாகக் குனிந்து குனிந்து, நாலு அடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, கிழக்கே எல்லைக்கல்லைப் பார்த்துப் போனார். ஒளிந்து போவது என்றால் எப்படிப் போகக் கூடாதோ அப்படிப் போனார். சாமிதுரை பார்த்தார். கூழ் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். கோயில் பூசாரி சொக்கலிங்கம் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் ஓடிவிடுவாரே. அவர் எல்லைக்கல்லுக்கு முன்னால் நின்று, கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தாண்டினார்.

அந்தக் கணத்தில் சிப்பிக்குறிச்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொன்னபோது நம்பாதவர்கள் சொல்லாமல் போனபோது நம்பினார்கள். காப்புக் கட்டின ஊரை விட்டுப் பெட்டியோடு ஒருத்தன் போகிறான் என்றால் குலத்தை விடப் பெரியது ஒன்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, நம்மை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பிக்கப் பார்க்கிறான். “ஓடறான்டா, தலைவன் ஓடறான்,” என்று சாமிதுரை கத்தினார், கூழ்ப் பானைகள் அப்படியே நின்றன, ஆணும் பெண்ணும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஆட்டை அவிழ்த்துக்கொண்டு, கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு, படுக்கையில் கிடந்தவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு அவரைப் பிடிக்க ஓடினார்கள். பூசாரி ஒரு கணம் கம்பத்தைப் பார்த்தார், மறு கணம் அம்மனையே பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார்.

தையல்நாயகி சத்தம் கேட்டு வீட்டுக்குள் ஓடி, அலமாரியைத் திறந்து பார்த்தாள். அவருடைய எழுத்துக் கட்டுகள் இல்லை. அவளுடைய தோடும் வளையலும் வைத்திருந்த டப்பா இல்லை. நகையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், என்னை எடுத்துக்கொண்டு போகவில்லை என்ற நினைப்பு நெஞ்சில் குத்தியது, அவள் அழவில்லை, அவ்வளவு ஆத்திரம் வந்தது. தலைமுடி அவிழ, நடு நிலத்தின் சூடு காலைச் சுட, ஓடினாள். கீழச்சாரியைத் தாண்டும்போது அம்மாக்கண்ணு வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, எழுந்திரிங்க. உங்க தம்பி பெட்டியோட ஓடறாரு, ஊரே போவுது.”

“அவனா?” அம்மாக்கண்ணு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். “எங்கிட்டச் சொல்லாம அவன் ஒரு எடத்துக்குப் போவமாட்டான் நாயகி. எதாச்சும் காரியமாப் போயிருப்பான், வந்துடுவான். அவனுக்குத்தான் கீர உருவுறன். வெயில்ல ஓடாத, ஒக்காரு.”

அந்தச் சிரிப்பு. கிண்ணம் விழுந்த நாளிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்த அதே சிரிப்பு. இவளுக்குத் தெரியும், இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்திருக்கிறார்கள், நகை இங்கேதான் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று தையல்நாயகிக்குப் பட்டது. இரண்டாம் தடவை கூப்பிட வாயைத் திறந்தாள். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம், அந்தக் கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. “இருங்க, நல்லா இருங்க,” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கரட்டு மேட்டில் ஒரு பாறையின்மேல் பெட்டியை வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, கொளஞ்சிநாதன் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க வந்து சேர்ந்த ஊர் அவரைச் சுற்றி நின்றது, சாமிதுரை சட்டையைப் பிடித்தார், “எங்களச் சாகவுட்டுட்டு ஓடறியா? ஒரு வார்த்த சொன்னியா?” என்று கேட்டார். கொளஞ்சிநாதன் கையை விலக்கவில்லை. அவர் பார்வை ஒவ்வொரு முகமாகத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. தையல்நாயகி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்ததும் அவர் தோள் தளர்ந்தது.

“வந்துட்டியா,” என்றார். “அக்கா எங்க?”

அப்போதுதான் பின்னால் கேட்டது. பெரிய சத்தமில்லை, அரிசி கொதிக்கும்போது பானை மூடி நகர்கிற சத்தம்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நடு நிலம் அமைதியாக உள்ளே இறங்கியது, வடகப் பாய்களோடு இறங்கியது, அது போன இடத்தைப் பார்த்து மேலச்சாரியும் கீழச்சாரியும் இரண்டு பக்கமிருந்தும் சாய்ந்து, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கீழே போயின. அப்புறம் வெள்ளையாக ஆவி எழுந்தது. ஆவி கலைந்தபோது அங்கே வட்டமாக, பச்சையாக, கொதிக்கிற ஒரு குளம் இருந்தது.

கொளஞ்சிநாதன் சத்தமில்லாமல் கேட்டார், உதடு மட்டும் அசைந்தது. தையல்நாயகி சொன்னாள்.

“கூப்ட்டன். வரமாட்டன்னுட்டாங்க. எந்தம்பி சொல்லாம போவமாட்டான்னு சொன்னாங்க. ஒங்களுக்குத்தான் கீர உருவிக்கிட்டு இருந்தாங்க.”

அவர் பெட்டியிலிருந்து எழுந்து ஊரைப் பார்த்து நடந்தார், நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள், பிடித்தவர்களோடு கீழே விழுந்து மண்ணை அறைந்தார். வெகுநேரம் கழித்து அவளிடம் மட்டும் சொன்னார். “அவங்களுக்கு மனசுல ஒண்ண வச்சிக்கத் தெரியாது. சொல்லியிருந்தா சிரிச்சே காட்டிக் குடுத்துருப்பாங்க. ஊரு ஓடியாந்தா அவங்களும் கூட வந்துடுவாங்கன்னு நெனச்சன்.”

“எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?”

“ஒங்கிட்ட சொல்ல வேண்டியதில்ல. நீ எப்பிடியும் தொரத்திக்கிட்டு வருவ.”

கரட்டு மேட்டில் புது சிப்பிக்குறிச்சி எழுந்தது. காப்பு மீறிய குற்றத்துக்கு என்ன செய்வது என்று கூட்டம் போட்டபோது பூசாரி சொக்கலிங்கம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: நிலம் வளர்ந்தால் எல்லையும் கூடவே வளர்ந்துதான் இருக்கும், அம்மனும் கூடவே வந்தாள், ஆகவே ஊர் எல்லையைத் தாண்டவில்லை, எல்லை என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுத் தாண்டினவன் ஒருத்தன்தான், குற்றம் அவன் ஒருத்தனுக்குத்தான். ஊருக்கு அது நியாயமாகப் பட்டது. உங்களைக் காப்பாற்றத்தான் ஓடினேன் என்று கொளஞ்சிநாதன் ஒரே ஒரு தடவை சொன்னார், எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள், அந்தப் பெட்டியில் நகையும் புத்தகக் கட்டும் எதற்கு என்று யாரோ பின்வரிசையில் முணுமுணுத்தார்கள், அதோடு முடிந்தது. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. திருவிழாவில் அவரிடம் வரி வாங்குவதில்லை, தேர்வடம் பிடிக்க விடுவதில்லை.

அம்மாக்கண்ணுவுக்குக் குளத்தங்கரையில் ஒரு கல் நட்டுக் காத்திருந்தாளம்மன் என்று பேர் வைத்தார்கள். ஒருவரை ஒருவர் நம்பாத அந்த ஜனம், வரப்புத் தகராறு என்றாலும், காணாமல் போன கோழி என்றாலும், புருஷன் பெண்டாட்டிச் சந்தேகம் என்றாலும், அவள் முன்னால் வந்து சத்தியம் செய்தது. அவள் யாரையும் சந்தேகப்பட்டவளில்லை, ஆகவே அவளிடம் பொய் சொன்னால் கண் அவிந்துவிடும் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. தையல்நாயகி வெள்ளிக்கிழமைதோறும் போய் விளக்குப் போட்டாள். எல்லோரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிற இடத்தில் அவள் வாயைத் திறந்ததே இல்லை.

வருஷங்கள் போயின. கொளஞ்சிநாதன் அந்தக் குளத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், வெளியூர்க்காரர்கள் வாங்கிப் படித்தார்கள். அவர் யார்மேலும் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை. ஊர் அவரை அவ்வளவு பேசியும் அவர் ஊரைப் பேசியதில்லை. அந்தக் குணம் அக்காவும் தம்பியும் ஒரே மடியில் வளர்ந்ததால் வந்த குணம் என்று அவள் தாமதமாகத்தான் புரிந்துகொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, இரண்டு பேரும் குளத்தங்கரையில் அந்தக் கல்லுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கல்லில் புதிதாக மஞ்சள் பூசியிருந்தது, ஈரம் காயவில்லை. அவர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலில் குற்றம் சாட்டுகிற தொனி எதுவும் இல்லாமல், மெதுவாகக் கேட்டார்.

“நாயகி. அன்னிக்கி அக்காவ நல்லாத்தான கூப்ட்ட?”

அவள் அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். “நல்லாத்தான் கூப்ட்டன்,” என்றாள்.

“சரி,” என்றார் அவர். குளத்திலிருந்து ஆவி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது, அது கலைந்தபோது அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் பார்க்கிற பார்வைதான். அவர் கண்ணில் அதை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள்.